வாகனத் தளத்தில் புகும் நீர்

வறண்ட பாலாற்றைப் பார்த்தே வளர்ந்த வேலூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் காட்பாடி வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆனாலும் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் கார்த்திகை மாதங்களில் பயணிகள் கப்பல்களைப் பற்றிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இத்தகைய கப்பல்களைப் புயலில் கவிழ்ப்பது பெரும்பாலும் அலையின் உயரம் அன்று, உள்ளே புகுந்த நீர்தான். வாகனங்களையும் ஏற்றும் கப்பலில் தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட தளம் உண்டு. அங்கே புகும் நீர், தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரைப் போலச் சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டுகிறது. 1953 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரேரிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குப் புறப்பட்ட 'பிரின்சஸ் விக்டோரியா'வின் பின்புறக் கதவுகளை அலைகள் சிதைத்தன; புகுந்த நீர் வடியத் துவாரங்கள் போதவில்லை. 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறுதிவரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வானொலி அலுவலர் டேவிட் பிராட்ஃபுட்டுக்கு, இறந்தபின் பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் 'எஸ்தோனியா' கப்பலின் முன்முகப்பு கழன்று விழுந்து வாகனத் தளத்தில் நீர் புக, 852 பேர் மாண்டனர். தளத்தில் அரை மீட்டர் வரை நீர் நின்றாலும் கப்பல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்னும் உடன்பாடு அதன் பிறகே, 1996இல், வட ஐரோப்பிய நாடுகளிடையே ஏற்பட்டது. இவ்வளவு தாமதம் மன்னிக்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டபோது எங்கள் தெருவில் சிலர் கேலி செய்தனர். சுமார் 150 பேர் ஏறும் சிறு கப்பலை அந்தக் காலத்தில் பாக் நீரிணைக்குள் அனுப்பாமல் இருந்ததே சரியான முடிவு என்பது என் கருத்து.