பந்தல் இல்லாத திராட்சைத் தோட்டம்: பெர்ன்காஸ்டல்-கூஸில் ஒரு நாள்

"பந்தல் எங்கய்யா?" என்று கேட்டார் அம்மா.

ரயில் ஜெர்மனியின் கோப்லென்ஸிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மோசல் ஆறு. அக்கரையில், ஆடு ஏறவே யோசிக்கும் சரிவில், அடி முதல் உச்சி வரை திராட்சை. அம்மாவுக்குச் சொந்த ஊர் கம்பம். என் மாமாவுக்கு இன்றும் அங்கே பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்து, குலை குலையாகக் கீழே தொங்கினால்தான் அம்மாவுக்கு அது திராட்சைத் தோட்டம். இங்கே ஒவ்வொரு கொடியும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக நின்றது. அவரால் நம்பவே முடியவில்லை.

செப்டம்பர் கடைசி வாரம், சனிக்கிழமை. மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மாவை எங்கே கூட்டிப் போவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. அறுவடைக் காலத்து மோசல் கரையை அம்மா பார்த்தே ஆகவேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். கோஹெம் பக்கத்தில்தான் இருக்கிறது, கோட்டையும் பெரிது. ஆனால் கூட்டம் தாங்காது. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் பெர்ன்காஸ்டல்-கூஸ்தான் என் மனசுக்குப் பிடித்த ஊர்.

கோப்லென்ஸிலிருந்து போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோஹெம் தாண்டியதும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கைசர் வில்ஹெல்ம் சுரங்கம். 1879-இல் திறந்தது. ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வளைத்து வந்து சேரும் இடத்துக்கு ரயில் சில நிமிடங்களில் போய்விடுகிறது. அப்புறம் புல்லாய் பாலம், மேல் தளத்தில் ரயில், கீழ்த் தளத்தில் கார்கள். அதைத் தாண்டினால் பியூண்டரிஷ் வளைவுப் பாலம். 92 வளைவுகள். எந்த ஆற்றையும் கடக்காமல், மலைச்சரிவை ஒட்டியே ஓடுகிற பாலம். அதோடு ரயில் ஆற்றை விட்டு விலகிவிடும். விட்லிஷ் நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் பஸ். முன்பு அங்கிருந்து ஊருக்குள் ஒரு கிளை ரயில் பாதை இருந்தது. இப்போது அதன் தடத்தில் சைக்கிள் பாதை போகிறது.

பெர்ன்காஸ்டல் ஆற்றின் வலது கரை, கூஸ் இடது கரை. 1905-இல்தான் இரண்டையும் ஒரே ஊராக்கினார்கள். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பாலம் கடந்து பெர்ன்காஸ்டல் பக்கம் போய்விடுகிறார்கள். நாங்கள் கூஸில் இறங்கி, பாலத்தை ஒட்டி இருக்கும் புனித நிக்கோலாஸ் மருத்துவமனைக்குப் போனோம். பெயர்தான் மருத்துவமனை. 1458-இலிருந்து அது முதியோர் இல்லம்.

அதைக் கட்டியவர் இந்த ஊரில் 1401-இல் பிறந்த நிக்கோலாஸ் என்ற குசானுஸ். அப்பா படகு வைத்து வியாபாரம் செய்தவர். மகன் கர்தினால் ஆனார். கணிதமும் தத்துவமும் எழுதினார். பூமி பிரபஞ்சத்தின் அசையாத மையம் அல்ல என்று 1440-லேயே எழுதி முடித்திருந்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூல் வந்தது 1543-இல். அப்பேர்ப்பட்டவர் தன் சொத்தை எழுதி வைத்தது சொந்த ஊரின் வயதானவர்களுக்காக. ஏசு வாழ்ந்த 33 ஆண்டுகளின் நினைவாக, 50 வயது தாண்டிய 33 ஆண்களுக்கு இங்கே இடம் என்று விதி வகுத்தார். சமையல், துணி, தங்கல் எல்லாம் இல்லத்தின் பொறுப்பு.

"இத்தன வருசமா யாரு பணம் குடுக்குறா?" என்றார் அம்மா.

"தோட்டம்தாம்மா. திராட்சைத் தோட்டமும் நிலமும் எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். அந்த வருமானத்துலதான் நடத்தியிருக்காங்க."

"அப்ப நம்ம கோயில் கட்டளை மாதிரி" என்றார் அம்மா. கட்டளை என்ற சொல் எனக்குத் தோன்றவே இல்லை. அதை விடப் பொருத்தமான சொல் கிடையாது.

சிற்றாலயத்துக்குள் பீடத்தின் முன்னால், தரையில் பதித்த பித்தளைத் தகட்டின் கீழே குசானுஸின் இதயத்தை வைத்திருக்கிறார்கள். அவர் 1464-இல் இத்தாலியில், தோடி என்ற ஊரில் இறந்தார். உடல் ரோமில் இருக்கிறது, இதயம் மட்டும் ஊர் திரும்பியது. அவருடைய சின்னத்தில் சிவப்பாக ஒரு நன்னீர் நண்டு இருக்கும், குடும்பப் பெயரே அதுதான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை. அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்பா போன பிறகு அம்மா எந்த இடத்திலும் இவ்வளவு நேரம் அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. 300-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ள நூலகம் மாடியில் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், அந்த நேரம் எங்களுக்கு அமையவில்லை. அதற்காகவே இன்னொரு முறை போகவேண்டும்.

பாலத்தைக் கடந்தால் சந்தைச் சதுக்கம். குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் தெரிகிற வீடுகள், 1608-இல் கட்டிய நகர மன்றம், அதற்கு இரண்டு வருடம் முந்தைய மிக்கேல் நீரூற்று. எல்லோரும் படம் எடுக்கும் இடம், நாங்களும் எடுத்தோம். பக்கத்துச் சந்தில் 1416-இல் கட்டிய கூம்பு வீடு நிற்கிறது. அடித்தளம் ஒரு பெட்டிக்கடை அகலம்தான். மேலே போகப் போக இரண்டு பக்கமும் பிதுங்கி அகலமாகிறது. இன்று அது ஒயின் கடை.

புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் அம்மா காலையிலேயே புளிசாதம் கட்டிவிட்டார். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு வெங்காயப் பலகாரம். அதோடு சாப்பிட இந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பது ஃபெடர்வைசர், பாதி நொதித்த புது ஒயின். கலங்கலாக, நுரைத்துக்கொண்டு, பாட்டிலிலும் புளித்துக்கொண்டே இருக்கும். காற்று வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள், பாட்டிலைப் படுக்க வைக்கவும் கூடாது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "கள்ளு வாசந்தான்" என்றார். அவருக்குத் திராட்சைச் சாறு வாங்கினேன். சர்க்கரை சேர்க்காத சாறு இவ்வளவு இனிக்குமா என்று இரண்டு தரம் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மலைப்பக்கம் நடந்தோம். உச்சியில் லாண்ட்ஸ்ஹுட் கோட்டை, 1692 தீயில் எரிந்து இடிபாடாக நிற்கிறது. அம்மாவின் மூட்டுவலிக்கு அது ஆகாது. ஆனால் தோட்டம் ஊருக்குப் பின்னாலேயே, வீட்டுக் கூரைகளை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. அதிலும் ஒரு துண்டு உலகப் புகழ் பெற்றது. டாக்டர் என்றே அதற்குப் பெயர். மொத்தம் 3.2 ஹெக்டேர், நம் கணக்கில் 8 ஏக்கர். 14-ஆம் நூற்றாண்டில் ட்ரியர் பேராயர் இரண்டாம் போமுண்டுக்கு எந்த மருந்துக்கும் இறங்காத காய்ச்சல் வந்ததாம். இந்தத் தோட்டத்து ஒயினைக் குடித்துக் குணமானதும், இதுதான் உண்மையான டாக்டர் என்றாராம். கதைதான். ஊரில் எல்லோரும் ஆசையோடு சொல்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் வேறொரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. இந்தச் சரிவில் இயந்திரம் நிற்காது, எல்லாம் கைவேலை. பழக்கூடைகளை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன வண்டி ஒன்று முனகிக்கொண்டு போனது. ஓரமாக நின்ற தோட்டக்காரரிடம், அம்மாவும் திராட்சை போடுகிற குடும்பம்தான் என்று சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. அம்மா கேட்கக் கேட்க நான் மொழிபெயர்த்தேன்.

முதல் கேள்வி, கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது எப்போது. ஜனவரி, பிப்ரவரியில் என்றார். வருடத்துக்கு ஒரு கவாத்து, ஒரு அறுப்பு. கம்பத்தில் கவாத்து செய்த நாலாம் மாதம் பழம் வந்துவிடும், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும் என்று அம்மா சொன்னதும், அவர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்டார். அப்புறம் பந்தல் விஷயம். செங்குத்துச் சரிவில் கம்பி இழுத்தால் ஆள் குறுக்கே நடக்க முடியாது, அதனால்தான் தனிக் குச்சி என்றார். இளங்கொடியை இரண்டு பக்கமும் இதய வடிவத்தில் வளைத்து அந்தக் குச்சியிலேயே கட்டியிருந்ததைக் காட்டினார். வளைத்துக் கட்டுவது வசந்தத்தில், கொடி ஈரமாக இருக்கும் நாளில். இல்லாவிட்டால் ஒடிந்துவிடும்.

அம்மா குனிந்து தரையைத் தொட்டார். மண்ணே தெரியவில்லை, தட்டுத் தட்டான கறுப்புக் கல் சில்லுதான். பலகைக்கல். "இதுல எப்படிய்யா வேர் பிடிக்கும்?"

இங்கே எல்லாமே அந்தக் கல்தான். பெர்ன்காஸ்டல் ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, திராட்சைக்கு இது குளிர் நாடு. பகல் வெயிலைக் கறுப்புக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் திருப்பித் தருகிறது. சரிவு தென்மேற்கைப் பார்த்து நிற்பதால் சாயங்கால வெயில்வரை விழுகிறது, ஆறும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இப்படி மெதுவாகப் பழுப்பதால்தான் ரீஸ்லிங் என்ற இந்த ஊர்த் திராட்சை இனிப்பு ஏறிய பிறகும் புளிப்பை விடுவதில்லை. அவர் ஒரு குலையைப் பறித்து நீட்டினார். சின்னச் சின்ன மணி, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அம்மா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"புளிப்பு முன்னால வருது, இனிப்பு பின்னால வருது. விதையெல்லாம் பழுப்பாயிருச்சு. அறுக்கலாம்."

நான் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் குழலை எடுத்து, ஒரு சொட்டுச் சாறு விட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒரு கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஷூ, கையில் ஜெர்மன் தோட்டக்காரரின் அளவுக்குழல். அந்தப் படம் இப்போது கம்பத்தில் மாமா வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இறங்கி வரும்போது ஆறரை மணி. அம்மாவின் முட்டி நன்றாகவே வலித்திருக்க வேண்டும், சொல்லவில்லை. பாதையோரம் அதே பலகைக்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு கல்திட்டில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தவர் சட்டென்று நிமிர்ந்து, கையை வைத்துத் தடவிப் பார்த்தார். வெயில் போய்க் காற்று சில்லென்று ஆகியிருந்தது. சுவர் மட்டும் சுட்டது.

"வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்குய்யா" என்று மறுபடி சாய்ந்துகொண்டு, முட்டியையும் திருப்பிச் சுவரோடு ஒட்டி வைத்தார்.

அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.