கிரேட் ஓஷன் ரோட்டில் ஒரு நாள் பஸ் பயணம்

மெல்பர்னில் குடியேறுகிறவர்கள் சீக்கிரமே கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெரும்பாலும் காரில், தெரிந்த நாலு பேரோடு. நான் போனது எங்கள் ஆங்கில வகுப்பு ஏற்பாடு செய்த பஸ்ஸில். அப்படிப் போனதுதான் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு மெல்பர்னின் புறநகரான டாண்டினாங்கில் ஏறினோம். ஆப்கானியர்கள், வியட்நாம்காரர்கள், தெற்கு சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம், இலங்கைத் தமிழ் அக்கா ஒருவர், நான். எல்லோரும் புதுசு. பஸ்ஸில் சீட் பெல்ட் இருந்தால் கட்டியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். டிரைவர் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் இடத்திலெல்லாம் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. டைரியில் குறித்து வைக்கிறார். நாம் தாமதித்தால் அவருடைய கணக்கும் இடிக்கும். இது தெரிந்த பிறகு யாரும் தாமதிக்கவில்லை.

டார்க்கீயில் தொடங்கி 240 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது இந்தச் சாலை. ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில், சாலைக்குக் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், திரும்பி வராத தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை இது. பெரும்பாலும் கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, அவ்வளவுதான். வளைவுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு வீரர்களின் வெண்கலச் சிலை இருக்கிறது. நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்களில் வயதான ஆப்கானியர் சிலையின் மண்வெட்டிப் பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு முதலில் வேண்டியது வேலை என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கென்னட் ரிவரில் யூக்கலிப்டஸ் மரத்தில் தூங்கும் கோலா விலங்கு, அப்போலோ பேயில் மதியச் சாப்பாடு, ஆட்வே காட்டுக்குள் வளைந்து வளைந்து ஒரு நீண்ட ஓட்டம். பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. முன் சீட்டுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தோம்.

ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் பாறைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். பார்க்க வேண்டியவைதான். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்புக் கல் தூண்கள். பெயரில் பன்னிரண்டு இருந்தாலும் அவ்வளவு இல்லை. 2005 ஜூலையில் ஒன்று நொறுங்கி விழுந்தது. அலை அடிவாரத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. எதிர்காற்றில் பேச்சே காதில் விழவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது, அங்கிருந்து சில நிமிடத் தூரத்தில் இருக்கும் லோக் ஆர்ட் கார்ஜ். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சின்ன மணல் கரை. இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு வந்த லோக் ஆர்ட் கப்பல், மூன்று மாதப் பயணத்துக்குப் பிறகு, ஊர் சேரக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, 1878 ஜூன் 1 அன்று மூடுபனியில் பாறையில் மோதியது. கப்பலில் இருந்தது 54 பேர். பிழைத்தது இருவர். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி இந்தக் கரையில் ஒதுங்கினான். ஒரு பெண்ணின் குரல் கேட்டதும் மறுபடி நீந்திப்போய் அவளை இழுத்து வந்தான். அவள் ஈவா கார்மைக்கேல். அயர்லாந்துக் குடும்பம்; இங்கே குடியேற வந்தவர்கள். அவளோடு கப்பலில் வந்த பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மேலே உள்ள கல்லறையில் அவளுடைய அம்மாவும் இருக்கிறார். டாமும் ஈவாவும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று அந்தக் காலத்து மக்கள் எதிர்பார்த்தார்கள். அவளோ சில மாதங்களிலேயே அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஆசிரியை எளிய ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடித்ததும், படிக்கட்டில் ஏறிக்கொண்டே அக்கா சொன்னார்: “அவளுக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு வீடு இருந்திருக்கு, தம்பி.” நான் பதில் சொல்லவில்லை. அதன்பின் பஸ்ஸில் அக்கா தன் பயணத்தைப் பற்றி, வகுப்பில் அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னார். அது அவருடையது, இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொன்னதைக் கேட்டு வியட்நாம் அம்மா ஒருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் தன்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தார். கோலாக் என்ற ஊர் வழியாக உள்நாட்டுச் சாலையில் திரும்பினோம்; அது சீக்கிரம் போய்விடும். காரில் நாலு பேராகப் போயிருந்தால் எனக்கு இந்த நாட்டின் கடல் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

நீங்கள் போவதாக இருந்தால், லோக் ஆர்ட் கார்ஜுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பல சுற்றுலா பஸ்கள் அப்போஸ்டல்ஸில் நேரத்தைச் செலவழித்துவிட்டு அங்கே அரை மணிகூட நிறுத்துவதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடையாக இருந்தாலும் குளிர்காற்றுக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும்.