அண்ணன் கடிகாரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நம் நேரத்துக்கும் மூன்று ஊர்களின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஜனவரியில் ஒருநாள் உட்கார்ந்து எழுதியது. டொரண்டோ: பத்தரை மணி நேரம் பின்னால். லண்டன்: ஐந்தரை மணி பின்னால். மெல்பர்ன்: ஐந்தரை மணி முன்னால். அண்ணன், அக்கா மகள், கல்லூரித் தோழி என்று மூன்று பேருக்கு மூன்று வரி. இனி அகாலத்தில் போன் போட்டு யாரையும் எழுப்பமாட்டேன் என்ற பெருமையோடு ஒட்டினேன்.

மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே தாளின் முதலாவது வரி பொய்யாகிவிட்டது. அந்த மாதக் கடைசி ஞாயிறு இரண்டாவது வரி. ஏப்ரல் முதல் ஞாயிறு மூன்றாவதும் போயிற்று. மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்ப அழைப்பு ஒன்று உண்டு. எனக்கு இரவு 7, அக்கா மகளுக்கு லண்டனில் மதியம் 1:30, அண்ணனுக்கு டொரண்டோவில் காலை 8:30. குளிர்காலம் முழுக்கப் பிசகாமல் நடந்தது. அந்த மார்ச் ஞாயிறு நான் ஆறு மணிக்குக் குளிக்கப் போயிருந்தேன். போன் ஹாலில் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால், கூடவே பக்கத்து வீட்டுக்காரரின் எண் கிடைக்குமா என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறார். அவர் வழக்கம்போல அவருடைய எட்டரைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். முந்தின இரவு அங்கே கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். லண்டன்காரி அந்த நேரம் கடையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் பன்னிரண்டரைதான்.

“ஒன்றரை என்று சொன்னது நீங்கள்தானே?” என்று அவள் அண்ணனைக் கேட்க, “எட்டரை என்று சொன்னது நான்” என்று அவர் பதில் சொல்ல, ஏழு என்று தாளை நம்பியிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கலே.

அப்பாவுக்கு இந்தத் தாளெல்லாம் தேவைப்பட்டதில்லை. லண்டனில் இருந்த சித்தப்பாவைக் கூப்பிடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், தலைகீழாகத் திருப்புவார், மணி பார்ப்பார். முடிந்தது கணக்கு. முள் உள்ள கடிகாரம் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். மாலை 3 மணி என்று வைத்துக்கொள்வோம். சின்ன முள் மூன்றில், பெரிய முள் பன்னிரண்டில். தலைகீழாகப் பிடித்தால் சின்ன முள் ஒன்பதில் நிற்கும், பெரிய முள் ஆறில். ஒன்பதரை. மாலை மூன்றில் ஐந்தரையைக் கழித்தால் காலை 9:30 தானே? சின்ன முள் இருக்கவேண்டிய இடத்துக்கு அரை மணி பின்தங்கித்தான் நிற்கும், ஆனால் கண் பழகிவிடும். இந்த வசதி லண்டனின் குளிர்கால நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால், அதாவது +5:30 நேரத்தில் இருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும்தான். ஒரு மணி இரண்டு மணி என்று முழுசாக விலகி நிற்கும் ஊர்க்காரர்களுக்கு வாய்க்காது.

ஆனால் அப்பாவின் வித்தையும் ஆண்டில் பாதிதான் பலித்தது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும், வித்தியாசம் நாலரையாகிவிடும். அப்பா மதியம் பன்னிரண்டரைக்குக் கடிகாரத்தைத் திருப்பி, அங்கே ஏழுதான் ஆகிறது, வீட்டில்தான் இருப்பான் என்று டயல் செய்வார். அங்கே உண்மையில் எட்டு. சித்தப்பா வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். “வெயில் காலம் வந்தால் இவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்பிப் போகிறான்” என்று பல வருடம் சித்தப்பாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதன் அடிப்படை என்னவோ எளிமைதான். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அப்படியானால் மணிக்கு 15 பாகை. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, லண்டனில் உள்ள கிரீனிச் வழியாகப் போகும் தீர்க்கக்கோட்டைச் சுழியம் என்று வைத்தார்கள். பிரான்ஸ் அந்த வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது. இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டின் நேரம். பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை. நேபாளம் 86 பாகையும் கால் பாகையும் இருக்கும் கோட்டை எடுத்துக்கொண்டதால் ஐந்தே முக்கால். இதுவரை வெறும் வகுத்தல்.

குழப்பம் மனிதர்கள் கைவைத்த இடங்களில் வருகிறது. அவ்வளவு அகலமான சீனா முழுவதற்கும் ஒரே நேரம், +8. ஆப்கானிஸ்தானிலிருந்து எல்லையைத் தாண்டிச் சீனாவுக்குள் கால் வைத்தால் கடிகாரத்தை மூன்றரை மணி முன்னே தள்ளவேண்டும். பசிபிக் தீவு நாடான சமோவா 2011 டிசம்பரில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரத்துக்குத் தோதாக, தாண்டினால் தேதியே ஒரு நாள் மாறும் தேதிக்கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது. வியாழன் 29 முடிந்ததும் சனி 31. வெள்ளிக்கிழமையே இல்லை. அன்று பிறந்தநாள் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை யோசனைதான்.

இந்தக் கோடை நேரமோ முதல் உலகப்போரில், 1916இல், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி தொடங்கியது. மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். இன்றைக்கும் ஆளாளுக்கு ஒரு தேதி. அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. மெல்பர்னுக்கு எல்லாம் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் இதில் சேருவதே இல்லை. அரிசோனாவும் அப்படித்தான், ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ பூர்வகுடிகளின் பகுதி மட்டும் மாற்றிக்கொள்ளும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரத்தைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் தள்ளிப்போடுகிறோம் என்று கடைசி நேரத்தில் அறிவித்தது. பாதிப்பேர் கேட்டார்கள், பாதிப்பேர் கேட்கவில்லை. சில நாள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், வேண்டவே வேண்டாம். நான் செய்த தப்பு வித்தியாசத்தை எழுதி வைத்தது. எழுதி வைக்கவேண்டியது ஊர்ப் பெயர். போனில் உலகக் கடிகாரத்தில் ஊரைச் சேர்த்துவிட்டால் அந்த ஊர் எப்போது முன்னே தாவும், எப்போது பின்னே வரும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். எழுத்துச் சுருக்கங்களை நம்பினால் மோசம். ஐ.எஸ்.டி. (IST) நேரம் என்றால் இந்தியாவும் உண்டு, இஸ்ரேலும் உண்டு, அயர்லாந்தும் உண்டு. (தமிழில் எழுதினால் வெளிநாட்டு அழைப்புக்கும் அதே ஐ.எஸ்.டி. தான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?) ஈ.எஸ்.டி. (EST) என்பது நியூயார்க் பக்கத்துக் குளிர்கால நேரம்; ஜூலை மாதத்தில் “ஈ.எஸ்.டி. காலை பத்து” என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால், அவர் நியூயார்க் பத்து மணியைச் சொல்கிறாரா, உண்மையிலேயே குளிர்கால நேரத்தைச் சொல்கிறாரா? தொண்ணூறு சதவீதம் முதலாவதுதான். இருந்தாலும் “நியூயார்க் நேரம் காலை பத்துதானே?” என்று ஒரு வரி கேட்டுவிடுவேன்.

பயணம் போகும்போது வேறு மாதிரி அடி விழும். போன வருடம் மே மாதம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:35 என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான் எல்லோரிடமும் “பதினைந்தாம் தேதி ராத்திரி ஃபிளைட்” என்று சொல்லிவிட்டேன். நம் பேச்சில் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணியெல்லாம் முந்தின நாளோடு சேர்ந்தது. விடிந்தால்தான் மறுநாள். “திங்கட்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு” என்றால் கேட்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. விமான நிறுவனத்துக்கு அது செவ்வாய்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, எனக்காக விழித்திருக்கிறார். “டிரான்சிட்டில் இறங்கிட்டியா?” என்றார். நான் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். “எங்கே இறங்குறது? ராத்திரிதானே ஏறவே போறேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “டிக்கெட்டை எடுத்துப் படி” என்றார். படித்தேன். அப்புறம் ஜிப்பை விட்டுவிட்டேன்.

நான் இல்லாமலேயே ஒன்பதரை மணி நேரத்துக்கு முன்னால் பறந்துபோன விமானம் அது. வேறு டிக்கெட் எடுத்து, இரண்டு நாள் கழித்துப் போனேன். இப்போதெல்லாம் 00:35 என்று பார்த்தால் முந்தின நாளின் கட்டத்தில், “இன்று இரவு 9 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பு” என்று எழுதிவிடுகிறேன். விமானம் ஏறும் நேரம் எனக்கு எதற்கு? படி இறங்கும் நேரம் போதும்.

அங்கே போய் இறங்கியதும் போன் தானாக டொரண்டோ நேரத்துக்கு மாறியது. நல்லதுதான். கூடவே, வீட்டில் இருந்தபடி நான் காலண்டரில் போட்டிருந்த “காலை 10, மியூசியம்” என்பது நள்ளிரவு 12:30க்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் பத்து என்று டொரண்டோ பத்தை நினைத்துப் போட்டேன், போன் நான் நின்றிருந்த இடத்துப் பத்து என்று எடுத்துக்கொண்டது. காலண்டரில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேர மண்டலம் என்று ஒரு வரி இருக்கும், யாரும் தொடுவதில்லை. அங்கே ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும்.

டிக்கெட்டில் இன்னொன்று. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பயண நேரம் பார்க்கக்கூடாது. மெல்பர்ன் தோழி ஒரு டிசம்பரில் சிட்னியிலிருந்து முற்பகல் 11 மணிக்கு ஏறி, பதின்மூன்றரை மணி நேரம் பறந்து, அதே நாள் காலை 5:30க்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினாள். ஏறுவதற்கு முன்பே இறங்கிவிட்டேன் என்று போட்டோ அனுப்பினாள். திரும்பும்போது ஒரு முழு நாளைத் தேதிக்கோடு பிடுங்கிக்கொண்டது. அதற்கு போட்டோ அனுப்பவில்லை.

ஞாயிறு அழைப்புக்கு வருகிறேன். அந்த மார்ச் கூத்துக்குப் பிறகு மூன்று பேரும் பேசி, அழைப்பு அண்ணன் கடிகாரப்படி என்று முடிவு செய்தோம். அவருக்குத்தான் ஒன்பதரைக்குப் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் கட்டாயம், நகர இடமில்லை. அதனால் டொரண்டோ காலை 8:30 என்பது அசையாது. நாங்கள்தான் அசைவோம். எனக்குக் கோடையில் ஆறு, குளிர்காலத்தில் ஏழு. லண்டன்காரிக்கு வருடம் முழுக்க ஒன்றரை, மார்ச்சில் இரண்டு மூன்று ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் தவிர. அப்போது மட்டும் அவளுக்குப் பன்னிரண்டரை.

தாளைக் கிழிக்கவில்லை. மூன்று வரியையும் அடித்துவிட்டுக் கீழே “அண்ணன் 8:30” என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நேற்று அக்கா மகளிடமிருந்து செய்தி: “சித்தி, வர்ற ஞாயிறு எங்க கடிகாரம் மாறுது. பன்னிரண்டரைதானே? இல்ல பதினொன்றரையா?”

உலகக் கடிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.