பெட்டி இங்கனயே கிடக்கட்டா

"அண்ணாச்சி, டூல்ஸ் பெட்டிய எடுத்துக்கிடட்டா, இங்கனயே கிடக்கட்டா?"

"கிடக்கட்டும், வெயிட் கூடிரும்" என்றேன்.

இவ்வளவுதான் பேச்சு. சவுதியில், தம்மாமில் கேம்ப் வாசல், ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது, 2016 ஆடி மாசம். அவர் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அவர் பணகுடிக்காரர், ஷட்டரிங் கார்பென்டர், பதினொரு வருஷ சர்வீஸ். நான் நாங்குநேரி, அதே கம்பெனியில் டைம் ஆபீஸ். எண்ணெய் விலை விழுந்து கட்டுமானக் கம்பெனிகள் சம்பளம் போட முடியாமல் தவித்த வருஷம் அது. லீவு போகிறவர்கள் பட்டியலை நான்தான் டைப் அடித்தேன். அதில் ஆறு பேருக்கு நேராக மேனேஜர் பென்சிலால் புள்ளி வைத்து, இவர்களுக்கு ரீஎன்ட்ரி, அதாவது லீவு முடிந்து திரும்பி வருவதற்கான விசா, நீட்டிக்க வேண்டாம், டிக்கெட் அனுப்ப வேண்டாம் என்றார். வாயால் சொன்னதுதான், எழுத்தில் எதுவும் கிடையாது.

ஃபைனல் எக்ஸிட், அதாவது வேலை முடிந்தது, ஒரேயடியாக ஊருக்கு என்று அடித்து அனுப்பினால் கணக்கு முடிக்க வேண்டும். முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாசச் சம்பளம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாசம். அவருக்கு எட்டரை மாசம் வரும். 1,800 ரியால் சம்பளத்துக்கு 15,300 ரியால், அன்றைக்கு இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் பக்கம். லீவில் அனுப்பி, ரீஎன்ட்ரி தேதி தாண்டிவிட்டால் 'போனார், திரும்பவில்லை' என்று கம்ப்யூட்டரில் விழுந்துவிடும். பணமும் போச்சு, அன்றைய சட்டப்படி மூன்று வருஷத்துக்கு வேறு கம்பெனி விசாவில் உள்ளே வரவும் முடியாது. புள்ளிக்கு அர்த்தம் இதுதான். இது எனக்குத் தெரியும்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேராக மேனேஜரிடம் போய் நின்றிருப்பார், யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள், ஏழாவது புள்ளி எனக்கு. எனக்கும் அதே விமானத்தில்தான் லீவு, வீட்டில் பாதி எழும்பிய சுவர். தவிர, அங்கேயே நின்று லேபர் கோர்ட் என்று அலைந்திருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா? அந்த ஆகஸ்டில் ஜெத்தா பக்கம் ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் சம்பளம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல் கேம்ப்களில் கிடந்து, மத்திய அமைச்சர் வி.கே.சிங் நேரில் போக வேண்டிவந்தது. அதை டிவியில் பார்த்தபோது, நல்லவேளை இவர் ஊரில் இருக்கிறார் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதா, நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதா, தெரியவில்லை.

ஷார்ஜாவில் ஆறு மணி நேரம் காத்திருப்பு. அங்கே சொல்லிப் பிரயோசனம் இல்லை, தம்மாமில் எமிக்ரேஷன் தாண்டியாச்சு. சொல்வதென்றால் கேம்ப் வாசலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் தரையில் துண்டை விரித்துத் தூங்கினார், சாவி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. நான் தூங்கவில்லை. காபி வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அதையும் ஆறவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் விடியற்காலம் இறங்கி, இரண்டு பேருமாக ஒரு கார் பிடித்தோம். களியக்காவிளை, மார்த்தாண்டம் எல்லாம் அவர் பேச்சிலேயே போனது. ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று காரையே தள்ளியது, காற்றாடிகள் எல்லாம் சுற்றின. கண்ணாடியை இறக்கி முகத்தை நீட்டிக்கொண்டே கேட்டார், "ரிட்டன் டிக்கெட் எப்பம் அனுப்புவாவ அண்ணாச்சி?"

"தகவல் வரும்" என்றேன். இது பொய்யில்லை என்று இப்போதும் வாதாடலாம்.

இரண்டு மாசம் கழித்து போன் பண்ணினார், நான் தம்மாம் திரும்பியிருந்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் இன்னொரு தடவை. அதற்கப்புறம் அவர் பண்ணவில்லை. கேம்பை ஒழித்தபோது பெட்டிகளின் பூட்டை உடைத்தார்கள். அவருடைய மூலமட்டத்தைச் சைட்டில் வேறொருவர் கையில் பார்த்தேன், பிடியில் பெயரின் முதல் எழுத்து சுட்டிருந்தது. கேட்டு வாங்கியிருக்கலாம்.

வெயிட் கூடிரும் என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 30 கிலோ. கவுண்டரில் அவருடையது 22 காட்டியது, என்னுடையது 37. டூல்ஸ் பெட்டி ஆறேழு கிலோதான் இருக்கும், தாராளமாக வந்திருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே என் பையைத் திறந்து, ரெண்டரைக் கிலோ நிடோ பால்பவுடர் டின் இரண்டையும் கம்பளியையும் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டார். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கிடக்கட்டும் என்றேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பணகுடி பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்தி, டிக்கியிலேயே பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, டின்னையும் கம்பளியையும் எடுத்து என் சீட்டில் வைத்தார். ஒரு டின்னைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, அடுத்த தடவ நானே வாங்கிட்டு வாரேன்லா" என்று கயிற்றை மறுபடி கட்ட ஆரம்பித்தார்.