முறிகண்டியில் கசிந்த ரேடியேற்றர்

போன வைகாசியில் வவுனியாவில் ஒரு கலியாணவீடு. திரும்பி வரும்போது, ஏ9 பாதையில் வருகிற எல்லாரையும் போல நாங்களும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினோம். அம்மா கற்பூரம் கொளுத்தப் போனார். நான் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால், காரின் முன்பக்கத்துக்குக் கீழே மண் நனைந்து கிடந்தது.

ஏசித் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏசித் தண்ணீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது பச்சை. விரலில் எடுத்தால் வழுக்கியது, இனிப்பு மணம் வேறு. பொனற்றைத் தூக்கினேன். எஞ்சினைக் குளிர்விக்கிற ரேடியேற்றரின் மேலே இருக்கிற கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டியில், ஹோஸ் வந்து பூட்டுகிற கழுத்துக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதற்குள்ளால் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறக்கப் போன என்னைப் பக்கத்தில் நின்ற லொறிக்காரர்தான் தடுத்தார். “தம்பி, மூடியிலை கை வையாதேங்கோ. அரை மணித்தியாலமாவது பொறுங்கோ.” அவர் சொன்னதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடிருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் கூலன்ற், அதாவது அந்தப் பச்சைக் குளிர்விப்புத் திரவம், 120 பாகை அளவுவரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது அந்தக் கணமே பொங்கி முகத்தில் அடிக்கும்.

காத்திருந்த நேரத்தில் அப்பா ஒரு யோசனை சொன்னார்: “கடையிலை மஞ்சள் தூள் வாங்கி ரேடியேற்றருக்குள்ளை போடு, வெடிப்பை அடைக்கும்.” அப்பாவின் அனுபவம் சும்மா வந்ததல்ல. அவரிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கார்கள் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின. புது ரேடியேற்றருக்கு எங்கே போவது? அந்த நாள் ரேடியேற்றர் செப்பும் பித்தளையும். கழற்றி, ஊத்தை சுரண்டி, ஈயம் உருக்கி ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். ஈயம் வைக்க ஆள் கிடைக்கும்வரைக்கும்தான் மஞ்சள் தூள்.

ஆனால் இப்போதைய ரேடியேற்றர் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும். குழாய்கள் மிக ஒடுக்கம். தூள் வெடிப்பை மட்டும் தேடிப் போய் அடைக்காது, வழியில் இருக்கிற எல்லாவற்றையும் அடைக்கும். இதை நான் பட்டறிந்தவன். என் முந்திய காரில் ஒரு கராஜில் கசிவடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றிவிட்டார்கள். கசிவு நின்றது உண்மைதான். இரண்டு மாதம் கழித்துக் கொழும்புப் பயணத்தில் எஞ்சின் சூடேறி, எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்குக் கீழே இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் காஸ்கற், போனது. ரேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக் குழாய்களில் மண்ணிறச் சேறு. அதனால் அப்பாவிடம், “மஞ்சள் வேண்டாம் அப்பா” என்று தன்மையாகச் சொன்னேன். அவரும் விட்டுவிட்டார்.

லொறிக்காரர் தன் பெட்டியிலிருந்து இரண்டு நிறக் களி எடுத்துத் தந்தார், பிசைந்து ஒட்டுகிற எப்பொக்சி. இதில் கை வேலையைவிடத் துப்புரவுதான் முக்கியம். ஈரமோ எண்ணெயோ இருந்தால் களி பிடிக்காது. வெடிப்பைச் சுற்றித் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கத்தி முனையால் கீறிச் சொரசொரப்பாக்கினேன். இரண்டு நிறமும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, வெடிப்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் வருகிற மாதிரி அப்பி அமத்தினேன். அப்புறம் ஒரு மணித்தியாலம் தொடவில்லை. அம்மாவும் அப்பாவும் கச்சானை முடித்தார்கள்.

அந்த இடைவெளியில் லொறிக்காரரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டறிந்தேன். கசிவு நடுவில் இருக்கிற குழாயில் என்றால், சுற்றியுள்ள தகட்டை விலக்கி, குழாயை வெட்டிக் குறட்டால் மடித்து நசித்துவிடுவாராம். குளிர்விப்பது கொஞ்சம் குறையும், வீடு வந்து சேரலாம். வெடித்தது ரப்பர் ஹோஸ் என்றால் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுவாராம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் 5 லீற்றர் குடிநீர்ப் போத்தல் வாங்கி ஊற்றினேன். சூடான எஞ்சினுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கக்கூடும். மூடியை முதல் பூட்டுவரை மட்டும் திருப்பி விட்டேன். அழுத்தம் ஏறாவிட்டால் ஒட்டுக்கும் பாரமில்லை. ஆனால் அப்படி விட்டால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதிக்கும், ஆகவே ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வீட்டுக்கு இன்னும் 70 கிலோமீற்றருக்கு மேல். ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு 50இல் ஓட்டினேன். ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான், எஞ்சினின் சூட்டைக் காருக்குள் கொண்டுவந்து கொட்டும். வைகாசி வெயிலில் அது பெரிய கஷ்டம், அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தார். ஆனாலும் அந்தச் சுடு காற்றை நான் கவனித்தபடிதான் ஓட்டினேன். அது திடீரென்று குளிர்ந்தால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் முழுதும் போனால் வெப்பமானி முள்கூடச் சில வேளை சரியாகக் காட்டாது, அதன் உணரி தண்ணீரில் அமிழ்ந்திருந்தால்தான் கணிப்புச் சரி.

கிளிநொச்சியில் ஒருமுறை, பளையில் ஒருமுறை, கொடிகாமத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தோம். ஆனையிறவில் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு சொட்டும் உதவாது. உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் நல்லதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படிவது ரேடியேற்றருக்குள்ளும் படியும். அவசரத்துக்கு எதை ஊற்றினாலும் பிறகு கழுவி எடுத்துவிடுங்கள்.

இருட்ட முன்னம் வீடு வந்துவிட்டோம். ஒட்டிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. “நல்லாத்தானே நிக்குது, இன்னும் ஒரு மாதம் ஓடலாம்” என்றார் அப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த நாளே கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் திருப்புளியை ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு நெம்பினார், களி முழுதாக, ஒரு பிஸ்கற் மாதிரிக் கழன்று கையில் வந்தது. கீழே வெடிப்பு முதல்நாள் இருந்ததைவிட நீண்டிருந்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புது ரேடியேற்றர் பூட்டி, கூலன்றும் வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை எஞ்சினை ஓடவிட்டார்கள். பழைய கூலன்ற் ஒரு தட்டில் பச்சையாகக் கிடந்தது. கராஜில் நிற்கிற நாய் மணந்துகொண்டு கிட்ட வந்தது. கூலன்ற் இனிக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். நாயைத் துரத்திவிட்டு, அதை ஒரு கலனில் ஊற்றி மூடியை இறுக்கி வைத்துவிட்டுத்தான் காசு கொடுக்கப் போனேன்.