தொட்டெழுதும் பேனாவுக்கு ஒரு நாக்கு

2024 ஜூன் 3, திங்கள்

காமராஜர் பிறந்தநாள் ஜூலை 15. அன்றைக்குக் கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடும் ஒரு பள்ளியிலிருந்து 240 பாராட்டுப் பத்திரங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாம் அச்சாகிவிட்டன, பெயர் எழுதும் கோடு மட்டும் காலி. கையால், தமிழில், தடிப்பும் மெலிவுமாக எழுதித் தர வேண்டும். எழுத்து ஒரு செ.மீ. உயரம்.

வழக்கமாக நான் எழுதுவது மையில் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவில், அதில் செருகும் ஜப்பான் ஜி முள்ளில். அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழை. புது முள்ளில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் போக்கினால்தான் மை ஒட்டும்.

பழகுவதற்கு ஒரு பெயர் எழுதினேன்: செந்தமிழ்ச்செல்வி. ஒன்பது எழுத்து. முள் ஆறு எழுத்துவரை ஒழுங்காக வந்து, ஏழாவது 'செ'வின் கொம்பில் வறண்டுவிட்டது. திரும்பத் தொட்டு எழுதினால் மீதி மூன்று எழுத்தும் அடர்த்தியாக, வேறு யாரோ எழுதியதுபோல் நிற்கின்றன. இந்தக் கட்டைப் பேனாவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

ஜூன் 5, புதன்

ஸ்டாம்பு பார்க்கிற லென்ஸை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மையில் தொட்டு எடுத்ததும் முள்ளின் உள்வளைவில் ஒரு கொழுத்த துளி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருக்கும் துளையை அது மூடிக்கொள்கிறது. துளையிலிருந்து நுனிவரை போகும் பிளவுதான் மையை இழுக்கும் வாய்க்கால். பிளவு குறுகலாக இருப்பதால் மை அங்கே தானாகவே ஏறிக்கொள்ளும். காகிதத்தைத் தொட்டதும் காகிதத்தின் நார் அதைவிட வலுவாக இழுக்கும்.

முதல் எழுத்தில் துளி கொழுத்திருப்பதால் மை தாராளம். நான்காவது எழுத்தில் சரியான அளவு. ஏழாவதில் துளி பிளவை விட்டுப் பின்வாங்கி முள்ளின் இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மை இருக்கிறது, ஆனால் பிளவுக்கு வந்து சேரவில்லை! இதுவரை முள் கொஞ்சமாகத்தான் மை பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸில் பார்த்தால் பிடித்த மையில் கணிசமான பங்கு முள்ளிலேயே காய்ந்து, கழுவும்போது வீணாகப் போகிறது.

மையூற்றுப் பேனா வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்று மகள் கேட்டாள். அதன் முள் இந்த அளவுக்கு விரியாது. அப்புறம் நான் பத்திரங்களுக்கு வைத்திருப்பது கடுக்காய் மை, அதை உள்ளே ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும். மையூற்றுப் பேனாவின் சிக்கலும் வேறு. மூடிய அறையிலிருந்து மை இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். 1884-ல் அமெரிக்காவில் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது அந்த ஏற்பாட்டுக்குத்தான். என் பேனா திறந்த வெளி. காற்றைப் பற்றிக் கவலையில்லை, மையைப் பிளவின் பக்கம் தள்ளிவிட ஒரு வழி கிடைத்தால் போதும்.

ஜூன் 8, சனி

பழைய ஃபேன் மோட்டாரில் இருந்து கம்பி உருவி, ஊசியில் சுற்றி, சின்ன சுருள் செய்து முள்ளின் அடியில் செருகினேன். முதலில் மை சுருளில் ஒட்டவேயில்லை, தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டது. கம்பியின் மேல் இருந்த வார்னிஷ்தான் காரணம். உப்புத்தாளால் தேய்த்தபிறகு சுருள் நிறைய குடித்தது. முப்பது எழுத்துவரை வந்தது!

ஆனால் 'ண'வின் கீழ்வளைவில் அழுத்தியபோது சொட்டென்று ஒரு குளம். முள் விரிந்தபோது சுருளும் கூடவே அசைந்து, பிடித்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் விட்டுவிட்டது. மை ஒற்றும் தாள் எடுத்து வருவதற்குள் அது மேசைத்துணிவரை போய்விட்டது. மேசைத்துணி விஷயம் வீட்டில் இன்னும் முடியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு வேலை ஓடவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு தபால் ஆபீஸுக்குப் போனது நினைவுக்கு வந்தது. மேசையில் மைக்கூடு, கயிறு கட்டிய கட்டைப் பேனா. அந்தப் பேனாவின் முள் எப்போது போனாலும் இரண்டு காலை அகட்டிக்கொண்டு நிற்கும். மணியார்டர் பாரத்தில் 'அன்புள்ள' எழுதுவதற்குள் தாள் கிழியும். அப்பா சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

1820-களில் பர்மிங்காமில் ஜான் மிட்செல் எந்திரத்தில் இரும்பு முள் அடிக்க ஆரம்பித்தபிறகுதான் உலகம் இறகை விட்டது. இறகிலும் இதே கதைதான், தொடு, எழுது, தொடு. ஓலையில் எழுதிய நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எழுத்தாணியால் முதலில் கீறல், அப்புறம் மொத்தமாக மேலே கரி பூசித் துடைப்பு. நடுவில் வறண்டுபோக அங்கே என்ன இருக்கிறது?

ஜூன் 12, புதன்

இன்றைக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது.

பழைய போட்டோ பிரேமில் இருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகள் எடுத்தேன். ஒரு ஓரத்தில் இரண்டும் ஒட்டி இருக்கும்படியும், எதிர் ஓரத்தில் நடுவே ஒரு தீக்குச்சி இருக்கும்படியும் ரப்பர் பேண்டு போட்டு, மை கலந்த தண்ணீர் இருந்த தட்டில் நிறுத்தினேன். தீக்குச்சிப் பக்கம் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. ஒட்டியிருந்த பக்கம் சரசரவென்று ஏறியது. மேல்விளிம்பு யானையின் முதுகிலிருந்து தும்பிக்கை தூக்கியதுபோல ஒரு அழகான வளைவு. லண்டனில் 1712-லேயே பிரான்சிஸ் ஹாக்ஸ்பீயும் புரூக் டெய்லரும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கணக்கும் எளிது. இடைவெளி 1 மி.மீ. இருந்தால் சுத்தமான தண்ணீர் ஒன்றரை செ.மீ. ஏறும். 0.1 மி.மீ. என்றால் அதைப்போல் பத்து மடங்கு.

அதாவது திரவத்துக்கு அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குப் போகத்தான் ஆசை. முள்ளின் அடியில் ஒரு தகட்டை இணையாக வைக்காமல் ஆப்புபோலச் சாய்த்து வைத்தால், பின்னால் அகலம், பிளவு தொடங்கும் இடத்தில் குறுகல். மை கடைசிச் சொட்டுவரை பிளவை நோக்கியே நகர வேண்டும். சுருளில் இந்தச் சாய்வு இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டது.

மாலையில் பாத்திரப் பட்டறைக்குப் போனேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு பித்தளைக்கு அலைந்தால் ஊர் சிரிக்கும். "பேனாவுக்கா? எவ்ளோ தகடு வேணும் தம்பி, ஒரு நகம் அளவா?" என்று கேட்டுவிட்டுப் பட்டறை அண்ணன் 0.1 மி.மீ. பித்தளை ஷிம் தகட்டில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பேரன் பெயரை ஒரு அட்டையில் எழுதித் தரச் சொன்னார்.

ஜூன் 15, சனி

நாக்கு, அதாவது முள்ளின் அடியில் சாய்த்து வைக்கும் தகடு, தயார். 22 மி.மீ. நீளம், அடியில் 5 மி.மீ. அகலம், நுனியில் 2. அடிப்பக்கம் இரண்டு காது விட்டு வெட்டினேன். காதுகளை மடக்கினால் முள்ளின் இரண்டு விளிம்பையும் கவ்விக்கொள்ளும், வேண்டும்போது முன்னும் பின்னும் தள்ளலாம். காது கவ்வும் இடம் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். முன்னால் கவ்வினால் முள் விரியாது. விரியாத முள்ளுக்குத் தடிப்பு ஏது?

நாக்கின் நுனி துளையைத் தாண்டி 2 மி.மீ. முன்னே போய், முள்ளைத் தொடாமல் நிற்க வேண்டும். இடைவெளி அளக்க என்ன வழி? ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாளை நடுவில் வைத்து நாக்கை அழுத்திவிட்டுத் தாளை உருவினேன். முதல் இரண்டு முறை தாளோடு நாக்கும் வந்தது. தகட்டைத் தீயில் காட்டி ஆறவிட்டபிறகு சொன்னபடி வளைந்தது.

சோதனைக்கு வரிசையாக 'ழ' எழுதினேன். தமிழில் பேனாவைச் சோதிக்க இதைவிட நல்ல எழுத்து இல்லை. இறங்கும் கோடு, வளைவு, மேலேறும் கோடு, கடைசியில் கீழே ஒரு சுழி, எல்லாம் ஒரே எழுத்தில். நாக்கு இல்லாமல் ஏழு. நாக்கோடு இருபத்தொன்று! அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மூன்றாவது 'ழ'வுக்கும் பதினெட்டாவதுக்கும் அடர்த்தியில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் இரண்டு மட்டும் இன்னும் கொழுப்பு. மையில் தொட்டதும் மைக்கூட்டின் வாயில் முள்ளின் முதுகை ஒரு முறை வழித்துவிட்டால் அதுவும் சரியாகிறது.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று ராத்திரி தூக்கம் வராத அளவுக்குப் பெருமை. இன்று காலை இணையத்தில் தேடிப் பார்த்தால், நுனி பட்டையாக இருக்கும் பட்டை முள்ளுக்கு அடியில் செருகும் பித்தளை நாக்கு இங்கிலாந்தில் எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவில் விளம்பரப் பலகை எழுதிய வில்லியம் கார்டனும் ராஸ் ஜார்ஜும் 1910-களிலேயே ஸ்பீட்பால் என்ற முள்ளின் மேல் தகடு வைத்து மையைத் தேக்கியிருக்கிறார்கள். ஜப்பானில் 1902-ல் காற்றுமணி செய்த சசாகி சதஜிரோ கண்ணாடியிலேயே பேனா செய்து, நுனியைச் சுற்றிப் பள்ளங்கள் விட்டு, அந்தப் பள்ளங்களில் மையை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் மனசு சரியில்லை. அப்புறம் யோசித்தால், பட்டை முள் விரிவதில்லை, கண்ணாடி விரியவே விரியாது. விரியும் கூர்முள்ளில்தான் நாக்கை எவ்வளவு தள்ளி வைப்பது, எங்கே கவ்வுவது என்ற தொல்லை. அந்த இரண்டு மி.மீ.யும் ஒரு தாள் தடிமனும் என் பங்கு. அதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை.

ஜூன் 22, சனி

இதுவரை சோதித்தது கடைச் சாய மையில். இன்றைக்கு உண்மையான மை. கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, நாட்டுமருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்த்து, கடைசியில் கருவேலம் பிசின். எழுதும்போது சாம்பல் நிறமாகத்தான் வரும், காற்றுப் பட்டு நேரம் ஆக ஆகக் கறுக்கும். தண்ணீர் பட்டாலும் போகாது. பத்திரத்துக்கு இதுதான் மரியாதை.

பிசின் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, நாக்கின் இடுக்கில் மை நகராமல் நின்றது. கொஞ்சம் தண்ணீர் விட்டதும் ஓடியது. பதினான்கு எழுத்து. சாய மையின் இருபத்தொன்றோடு ஒப்பிட்டால் குறைவு, ஆனால் நீளமான பெயருக்கும் போதும்.

ஜூன் 24, திங்கள்

நேற்று கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் பேனாவைக் கழுவாமல் வைத்துவிட்டேன். இன்று பார்த்தால் முள்ளின் நுனி சொரசொரவென்று, காகிதத்தில் பூனை நகம்போலக் கீறுகிறது. இந்த மை புளிப்பு, இரும்பை எப்படியும் தின்னும். அதோடு பித்தளையும் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கும் மையே ஒரு குட்டி பேட்டரிபோல வேலை செய்து இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். நாக்கு இல்லாத முள்ளைத் துணியால் ஒரு வழிப்பு வழித்தால் முடிந்தது. நாக்கு வைத்த முள்ளுக்கு, காதைத் தளர்த்தி, கழற்றி, இரண்டையும் தனித்தனியாகக் கழுவித் துடைத்தாக வேண்டும். தொடுகிற வேலையை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். கழுவுகிற வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

முள் ஒன்று குப்பைக்கு. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 3, புதன்

ஒரு நாளைக்கு முப்பது பத்திரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாட்குறிப்பு எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 6, சனி

190 முடிந்தது. கெட்டது மூன்று. அதில் ஒன்றுக்குத்தான் நாக்கு பொறுப்பு: காது தளர்ந்து நாக்கு முன்னே நழுவி நுனியைத் தொட்டதும் 'முத்துக்குமாரசாமி'யின் 'மு' மேல் மை கொட்டிவிட்டது. மற்ற இரண்டும் என் தவறு. ஒரு பெயரில் 'ர'வுக்கு 'ற' போட்டேன், இன்னொன்றில் பேச்சு கேட்டுக்கொண்டே எழுதியதில் இனிஷியலே போடவில்லை. நல்லவேளை, பள்ளி பத்து அட்டை அதிகமாகவே கொடுத்திருந்தது.

காது தளராமல் இருக்க முள்ளின் விளிம்பில் நாக்கு நிற்கும் இடத்தில் ஊசி அரத்தால் நூலளவு பள்ளம் போட்டேன். இப்போது டிக்கென்று போய் உட்காருகிறது, நகர்வதில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஜூலை 9, செவ்வாய்

பத்திரங்கள் போய்விட்டன. கடைசியாகப் பாத்திரப் பட்டறை அண்ணனின் பேரனுக்கு எழுதினேன். பெயர் ராம், மூன்றே எழுத்துகூட இல்லை. இதற்கு நாக்கு எதற்கு என்று கழற்றிவிட்டு வெறும் முள்ளில் எழுதினேன். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்த அண்ணன் கேட்டார்: "நம்ம தகடு நல்லா எழுதுதே தம்பி!" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் பேனாவை எடுத்துக்கொண்டாள். கழற்றிய நாக்கை எங்கே வைத்தாளோ, சாயங்காலம் முழுக்கத் தேடினோம். கடைசியில் மைக்கூட்டின் அடியில் கிடந்தது, இடுக்கியால் எடுத்தேன்.