முன்சக்கரம் சுற்றாத ஃபோர்வீல்

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பதினாலு வருடமாக வெளிக்காட்டுக் கிராணி வேலை, அதாவது காட்டில் வேலையை மேற்பார்த்துக் கணக்கு எழுதும் வேலை. அதில் முதல் பதினொரு வருடமும் மோட்டார்சைக்கிள்தான். மழையில் நனைந்த செக்ரோல் (ஆள் வருகைக் கணக்கு) புத்தகத்தை ஆபீஸ் மேசையில் காய வைத்துக் காய வைத்து அலுத்துப்போய், 2023-இல் ஒரு 2012 மாடல் பிக்கப் வாங்கினேன். எங்கள் ஊரில் யாரும் அதை பிக்கப் என்று சொல்வதில்லை, ஃபோர்வீல் என்றால்தான் புரியும். நான்கு கதவு, இரண்டரை லிட்டர் டீசல், மேனுவல் கியர். முன்பு வைத்திருந்தவர் சேற்றுக்கான பெரிய மட் டயர் போட்டு, பார்க்க வாட்டசாட்டமாக வைத்திருந்தார்.

வாங்கும்போது என்னென்ன பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பெயிண்ட், சீட், ஏர்கோன், எஞ்சின் சத்தம், சேசிஸில் துரு, அவ்வளவுதான். ஃபோர்வீல் என்று சொல்லி வாங்கிய வண்டியில் நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. கியர் பக்கத்துச் சின்ன லீவரைத் தள்ளினேன், டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தது என்றால் நிலையாக இல்லை, விட்டு விட்டு மினுக்கியது. "அது சென்சார், பழைய வண்டி இல்லையா" என்றார் விற்றவர். சரி என்று காசைக் கொடுத்துவிட்டேன்.

டீசல் லிட்டர் 2.15 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றவரை எண்ணெய்க் கணக்கை நான் பார்த்ததே இல்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அது 3.35 ஆனது. அன்றைக்குத்தான் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வண்டியில் போட்டேன். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பம்ப் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்பி, மீட்டர் எண்ணை எழுதி, அடுத்த முறையும் அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, நாலைந்து தொட்டிக்காவது எழுதிய பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம். எனக்கு வந்தது லிட்டருக்கு 7.8. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறேன், அதற்கு 192 லிட்டர். பழைய விலையில் 413 வெள்ளி, புதிய விலையில் 643. அரசாங்கத்தின் புடி மடானி உதவித்தொகை மாதம் 200 வெள்ளி எனக்குக் கிடைத்தது, பெரிய ஆறுதல், இருந்தாலும் கூடுதல் செலவு 230 அல்லவா.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பித்தேன். முதலில் டயர். அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 245/70 ஆர் 16, ஆனால் மாட்டியிருந்தது 265/70 ஆர் 16. கேட்டால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் சதவீதம் பெரிதாகிவிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மீட்டர் நினைப்பதைவிட வண்டி அதிக தூரம் போயிருக்கும். நெடுஞ்சாலை ஓரத்துக் கிலோமீட்டர் பலகைகளை வைத்துச் சோதித்தேன். பலகைக் கணக்கில் 50 கிலோமீட்டர் ஓட்டியதற்கு மீட்டர் 48.2-தான் காட்டியது. அப்படியென்றால் என் 7.8 உண்மையில் 8.1. பெரிய டயர் போட்டவர்கள் பலர் "வண்டி ரொம்பக் குடிக்கிறது" என்று சொல்வதில் ஒரு பங்கு இந்த மீட்டர் கோளாறுதான். மிச்சம் உண்மையான குடி. மட் டயர் கனமானது, கட்டை கட்டையாக இருப்பதால் தார் ரோட்டில் உருட்டவே எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இரண்டாவது, நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விடும் பழக்கம். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடியும்வரை, பிறகு குலைகளை எண்ணும்போது, மத்தியானம் செக்ரோல் எழுதும்போது, எல்லா நேரமும் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். மாதம் சுமாராக இருபது லிட்டர் ஓர் அடி நகராமல் எரிந்து போயிருக்கிறது. இப்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். செம்பனை நிழலில் அது போதும், கொசுதான் தொந்தரவு.

மூன்றாவதாக நான் செய்ததுதான் தப்பு. ஃபோர்வீல் போட்டால் டீசல் பிய்த்துக்கொண்டு போகும் என்று காப்பிக்கடையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் லீவரைத் தொடுவதையே விட்டுவிட்டேன். கம்பெனி அளவிலேயே, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர், எஞ்சினை அணைப்பது, ஃபோர்வீல் போடாமல் இருப்பது, மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றினேன். கணக்கு 9.6-க்கு ஏறியது. அதில் பாதிப் பெருமை ஃபோர்வீல் போடாமல் இருந்ததற்குத்தான் என்று நம்பினேன்.

நவம்பர் மாதம். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்து ஊற்றும். வெட்டிய குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் மழை விட்டதும் வேலை திரும்பத் தொடங்கியது. மேட்டுக் காட்டில் ஒரு பங்களாதேஷ் தம்பியின் தோளில் மட்டை விழுந்துவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை, முகம் வெளுத்திருந்தது. பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பின்னால் சுமை ஏற்றும் தட்டு காலி, நனைந்த செம்மண் இறக்கம், லீவர் டூ ஹெச்சில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை), மூன்றாவது கியர். வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டேன். மெதுவாகத்தான் தொட்டேன். பின்பக்கம் அப்படியே பக்கவாட்டில் நழுவி, பின்சக்கரம் இரண்டும் ஓரத்து வடிகாலில் இறங்கிவிட்டன. பின்னாலிருந்து அந்தத் தம்பி "ஆ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டான். அது இன்னும் காதில் இருக்கிறது.

லீவரை ஃபோர் ஹெச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டேன். பச்சை விளக்கு மினுக்கியது. மிதித்தேன், பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. பக்கத்தில் நின்ற தண்டல் (ஆட்களை மேய்க்கும் கங்காணி) குனிந்து பார்த்துவிட்டு, "கிராணி, முன்சக்கரம் சுத்தவே இல்ல" என்றார். டிராக்டர் வந்து இழுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான், "ஓகே போஸ், ஓகே" என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு. தோளையும் நெஞ்சையும் சேர்க்கும் காறை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து நல்லபடியாக வேலைக்குத் திரும்பினான்.

மறுநாள் டவுனில் எனக்குப் பழக்கமான பட்டறை அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாயை உருவி எடுத்தார். விரலில் வைத்து வளைத்ததும் நாலைந்து இடத்தில் வாய் பிளந்தது. "இத பாரு தம்பி, ஒன் ஃபோர்வீல் எல்லாம் இதுலதான் நிக்குது." என் மாதிரி வண்டிகளில் சாதாரணமாக ஓடும்போது முன் அச்சு துண்டித்தே இருக்கும், லீவரைத் தள்ளினால் வேக்கும் (காற்றை உறிஞ்சும்) இழுப்பில்தான் அது வந்து சேரும். குழாய் வெடித்தால் இழுப்பு இல்லை, முன்பக்கம் சேராது. சேரவில்லை என்று சொல்லத்தான் அந்த விளக்கு அத்தனை மாதம் மினுக்கியிருக்கிறது. குழாய் விலை 18 வெள்ளி.

இன்னொரு அடையாளமும் என் கண் முன்னாலேயே இருந்தது. வாங்கிய புதிதில் ஃபோர் ஹெச் போட்டபடியே ஆபீஸ் வாசல் தார் ரோட்டில் திருப்புவேன், வண்டி மெத்தென்று திரும்பும். பரவாயில்லையே, நல்ல வண்டி என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் இந்த வகை வண்டி ஃபோர் ஹெச்சில் காய்ந்த தாரில் அப்படித் திரும்பவே கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்டீரிங் இறுகும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி குதிக்கும், டயர் தேயும், நாளாக ஆக, இழுப்பை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கெடும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொடுப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆக, முன் அச்சு ஒருநாளும் சேர்ந்ததே இல்லை, அப்புறம் அது எப்படி என் டீசலைக் குடித்திருக்கும்? மிச்சம் பிடித்ததெல்லாம் டயரும் எஞ்சினை அணைத்ததும்தான்.

குழாய் மாற்றிய பிறகு கணக்கைத் தொடர்ந்து எழுதினேன். மேட்டுக்காட்டு ரோட்டில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் அளவுக்கு ஃபோர் ஹெச், தார் வந்ததும் டூ ஹெச். சராசரி 9.6-இலிருந்து 9.4-க்கு இறங்கியது. மாதம் மூன்றரை லிட்டர்கூட இல்லை, பத்துப் பன்னிரண்டு வெள்ளி. அந்தப் பத்து வெள்ளிக்குத்தான் ஒருவனை எலும்பு முறிந்த தோளோடு மழையில் உட்கார வைத்தேன்.

இறக்கத்தை இப்போது வேறு மாதிரி எடுக்கிறேன். உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து ஃபோர் எல் (நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் நிலை) போடுகிறேன். ஃபோர் எல்லில் கியர் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு தாழ்கிறது, முதல் அல்லது இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே நான்கு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு இறக்கும். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், முதல் சில நாள் அதுதான் கஷ்டம், கால் தானாகப் போகும். தட்டு காலியாக இருந்தால் பின்பக்கம் இலேசு, நனைந்த தாரிலும் வளைவில் துள்ளும், அதனால் மழை மாதத்தில் நான்கு உர மூட்டை பின் அச்சுக்கு மேலே கிடக்கிறது. இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் டீசல் போகும், போகட்டும். ஒன்று மட்டும் புதிதாக ஓட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஃபோர்வீல் ஏறுவதற்கு உதவும், நகர்வதற்கு உதவும், ஆனால் தார் ரோட்டு மழையில் அவசரமாக நிறுத்தும்போது மற்ற வண்டிக்கு இருக்கும் அதே நான்கு பிரேக்தான் இதற்கும்.

எங்கள் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்த கிராணி ஒருவன் பழைய ஃபோர்வீல் தேடிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பீடோர் டவுனுக்கு ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். விலை, மைலேஜ் எல்லாம் அவன் விசாரித்துவிட்டான். விற்பவர் வீட்டுப் பக்கத்தில் புல் திடல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கச் சொன்னேன். இருக்கிறதாம். அவன் ஓட்டுவான், நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பேன்.